காப்பு அறுத்தவள்

பக்திப் புத்தகம் என்றாலே எனக்குக் கோபம் வரும். படிக்காமல் சொல்லவில்லை. தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருடம் எழுத்துக்கூட்டிக் கற்றதை வைத்துக்கொண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். ஒருவன் கஷ்டப்படுவான், சாமியை நம்புவான், சாமி அவனைச் சோதிக்கும், புத்தகம் முடிவதற்குள் வந்து கண்ணீரைத் துடைக்கும். நடுவில் அவன் பெண்டாட்டி என்ன ஆனாள் என்று எவனும் எழுதுவதில்லை. அவள் எங்கேயோ அடுப்படியில் கிடப்பாள். நான் அந்தப் பெண்டாட்டியாக இருந்தவள். அதனால் என் பங்குக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

மலாயாவில், ஜோகூர் தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற மரவெட்டு வேலை பார்த்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் நாட்டிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, கப்பலில் வந்தவர். சாது. எறும்பை மிதித்தாலும் நின்று பார்க்கிற மனுஷர். எங்கள் வீட்டில் கோபம் முழுவதும் என் குத்தகை. எங்களுக்கு ஒரே பெண் பிள்ளை. அது கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டது. மூன்று வாரம் வேப்பிலையில் கிடத்தி வைத்திருந்தோம். அப்போது அவர் மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்தார். பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, எல்லை தாண்டாமல் இருந்து, கிடா கொடுக்கிறேன் என்று. பிள்ளை பிழைத்தது. இரண்டு வருடம் கொடுத்தாகிவிட்டது. நான் சொல்வது மூன்றாவது வருடம்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பாதி காலி. வேலைக்கு ஆகாதவன் என்று பேர் எடுத்தால் போதும், மூட்டையைக் கட்டிக் கப்பலேற்றி நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருந்த எங்களுக்கும் வாரம் முழுக்க வேலை கிடையாது. மற்ற வருடங்களில் திருவிழாவுக்கு ஒரு நாள் லீவுக்கே தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடம் கெஞ்ச வேண்டும். அந்த வருடம் கேட்காமலே மூன்று நாள் கொடுத்தார். மரத்தை வெட்டினாலும் நஷ்டம் என்பதால் வந்த தாராளம் அது. லயத்தில் எல்லாரும் ஆத்தாள் கருணை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. மூன்று நாள் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து போய் நிற்க வேண்டாம். வாளி தூக்க வேண்டாம். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம். சீயக்காய்கூட அரைத்து வைத்திருந்தேன்.

காப்பு என்பது ஒரு மஞ்சள் நூல். மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துக் கைமணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டியவர்கள் திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தாள் கோபம் குடும்பத்தில் இறங்கும். என் வீட்டுக்காரர் ஊரில் அதற்கு எல்லைக்கல் உண்டாம், எல்லைச் சாமி உண்டாம். தோட்டத்துக்கு ஏது எல்லைச் சாமி? கங்காணி சொன்னதுதான் எல்லை. வேலைக்கு ஆளை விரட்டுவதும் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான். போன வருடம் எல்லை பெரிய ரோடுவரை இருந்தது. அதற்குள் இருந்த கள்ளுக்கடையில் குடித்துவிட்டுச் சாமி ஊர்வலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதனால் இந்த வருடம் லயத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஓடையின் பாலத்தோடு எல்லையை முடித்துவிட்டார். பாலத்தின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, இதுதான் எல்லை என்றார். பாலம் போன மழைக்கு அடித்துக்கொண்டு போய், நான்கு மாதத்துக்கு முன்புதான் பலகை போட்டுப் புதிதாகக் கட்டியது.

நானும் காப்புக் கட்டியிருந்தேன். புருஷன் கட்டினால் பெண்டாட்டியும் கட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் கிடா வெட்டு. கிடாவை நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் ஆத்தாள் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டை வெட்டக் கூடாது. எங்கள் கிடா சிலுப்பவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார்கள், இரண்டு ஊற்றினார்கள், ஐந்து ஊற்றினார்கள். அது கல்லு மாதிரி நின்றது. உறுமி அடிக்கிறவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. வெட்டுகிறவர் அரிவாளை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்தபடியே நின்றார். என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து கிடாவின் பின்னங்கால் இரண்டையும் இழுத்துப் பிடித்திருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆத்தாள் கிடாவை ஏற்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம்.

வெயில் ஏற ஏறக் கங்காணிக்குப் பொறுமை போனது. விபூதி வைக்கிறவர் மாதிரி குனிந்தார். செம்பைக் கைக்குள் மறைத்து, ஆட்டின் காதுக்குள் தண்ணீரைச் சரித்தார். பெண்கள் வரிசையில் முன்னால் நின்ற நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

காதில் தண்ணீர் போனால் எந்த ஆடு சும்மா இருக்கும்? துள்ளியது. உத்தரவு கிடைத்தது என்று கூட்டம் கத்தியது. கத்தின சத்தத்தில் வெட்டுகிறவர் அரிவாளை இறக்கிவிட்டார். கிடா முன்னால் பாய்ந்தது. காலைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரரும் அதோடு இழுபட்டு முன்னால் விழுந்தார். அரிவாள் ஆட்டை விட்டுவிட்டு அவர் தொடையில் இறங்கியது.

சதை பிளந்த சத்தம் எனக்குக் கேட்டது. பலாப்பழத்தைப் பிளக்கிற சத்தம்தான். முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு ரத்தம் கொப்பளித்தது. நின்றவர்கள் வேட்டியிலெல்லாம் அடித்தது. அவர் கத்தவில்லை. கிடா ஓடிப்போகிற திசையைப் பார்த்து, "புடிங்க, அதப் புடிங்க" என்றார்.

ஓடிப்போய் என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், லீவு விட்டதும் முதல் ஆளாகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டிருந்தார். இனி ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் வளையல், மிட்டாய் விற்க வந்த ஒரு பாய் கடை விரித்திருந்தார். அவர் ஏறி வந்த அன்னாசி லோரி பக்கத்திலேயே நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து அதன் சக்கரம்கூடத் தெரிந்தது.

"தூக்குங்க. லோரியில ஏத்துங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

கங்காணி சொன்னார், "காப்புக் கட்டுன ஒடம்பு. எல்ல தாண்டக் கூடாது. ஆத்தா கேட்டா, எடுத்துக்கிட்டா. மஞ்சளக் கொழச்சு அப்புங்க, ரத்தம் நிக்கும்."

"ஆத்தா கேக்கல. நீங்கதான் ஆட்டுக் காதுல தண்ணி ஊத்துனீங்க. நான் பாத்தேன்."

அறைந்தார். என் உதடு பல்லில் கிழிந்தது. அதுவரை என் அப்பாகூட என்னை முகத்தில் அடித்ததில்லை. இரண்டு பெண்கள் பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களோடு பக்கத்துப் பக்கத்து நிறையில், அதாவது மர வரிசையில், வருடக்கணக்கில் மரம் வெட்டியவள் நான், ஒருத்தியின் பிரசவத்தில் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஒருத்தி காதில் சொன்னாள், "ஏண்டி, ஒன்னால ஊருக்கே கேடு வரணுமா? பேசாம இரு." முழங்கையால் அவள் வயிற்றில் இடித்தேன். அவள் குடும்பத்தைப் பற்றி என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது.

வெட்டுகிறவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் அதை எடுத்தேன். முதலில் என் காப்பை அறுத்தேன். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. அரிவாளுக்குப் பயந்தார்களா, அறுத்ததற்குப் பயந்தார்களா, தெரியாது.

பிறகு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன். அவர் மணிக்கட்டை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டார். உதட்டில் ரத்தமே இல்லை, ஆனால் பிடி இரும்பாக இருந்தது.

"அறுக்காதடி. நாளைக்கு ஒரு நாள்தான். நாளையோட முடியுது. புள்ள செத்துரும்டி."

"நீங்க செத்துருவீங்க."

"நான் போனாப் போறேன்."

அந்தப் பேச்சு எனக்கு வெறியை ஏற்றியது. நான் போனால் போகிறேன் என்று சொல்ல இவர் யார்? இவரை நம்பி நான் இருக்கிறேன், பிள்ளை இருக்கிறது, இவர் பாட்டுக்குப் போகிறாராம். அவர் நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தி, கையைப் பிடுங்கினேன். அவர் என் கையைக் கடித்தார். புறங்கையில் பல் இறங்கியது. எறும்பை மிதித்தாலும் நின்று பார்க்கிற மனுஷர், என்னைக் கடித்தார். விடவில்லை நான். அரிவாள் முனையை நூலுக்குள் விட்டு இழுத்தேன். நூலோடு அவர் தோலும் கொஞ்சம் கிழிந்தது. காப்பு கீழே விழுந்ததும் அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதார். வெட்டுப்பட்டபோது அழாதவர்.

அரிவாளை விடாமல், இன்னொரு கையை அவர் அக்குளில் கொடுத்து இழுத்துக்கொண்டு போனேன். கங்காணி பாலத்தில் தோரணத்துக்கு அடியில் வந்து கையை விரித்து நின்றார். "இந்த எல்லையத் தாண்டுனா..." என்று ஆரம்பித்தார்.

"இந்தப் பாலம் போட்டு நாலு மாசம். இது எல்லைன்னு ஆத்தாவுக்கு யாரு சொன்னது?"

அவர் என் கழுத்தைப் பிடித்தார். நான் அரிவாளை வீசினேன். மிரட்ட வீசினேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். இல்லை. வெட்டத்தான் வீசினேன். அவர் முன்கையில் பட்டு மாங்காய்க் கீற்று மாதிரி சதை தொங்கியது. அவர் அலறிக்கொண்டு ஓடைக்குள் சரிந்தார். பின்னாலிருந்து கல் வந்தது. ஒன்று என் முதுகில், ஒன்று என் வீட்டுக்காரர் தோளில். அதற்குள் பாய் ஓடி வந்து அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, தலைய நீ புடி. பேசாத, நட."

தொடையைப் பார்த்ததும் பாய் தன் இடுப்பிலிருந்த அகல வாரைக் கழற்றி, வெட்டுக்கு மேலே போட்டு இறுக்கினார். கைலி நழுவியதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறுக்கினார். லோரிக்காரச் சீனர் பின்பலகையை இறக்கினார். இடம் பண்ணுவதற்காக அன்னாசிகளைக் காலால் தள்ளிவிட்டார். செம்மண் ரோடெல்லாம் அன்னாசி உருண்டது. கல் எறிந்த பிள்ளைகள் கல்லைப் போட்டுவிட்டு அன்னாசி பொறுக்க ஓடியதைப் பார்த்தேன்.

எங்கள் பிள்ளை எதிர் வீட்டு அக்காவிடம் இருந்தது. அதற்குச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு நேரம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். அந்த வார் இல்லாவிட்டால் வழியிலேயே போயிருப்பார் என்றார்கள். பிறகு சீழ் வைத்தது. காலை எடுத்துவிடலாமா என்று பேசினார்கள். எடுக்கவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதை அங்கிருந்த தமிழர் ஒருவர் எனக்குச் சொன்னார், "ஆளு பொழச்சுக்குவாரு. அந்தக் கால்ல பலம் வர்றது சந்தேகம்மா." பலம் இல்லாத காலோடு மேட்டு நிறையில் எப்படி மரம் வெட்டுவார்? வெட்ட முடியாதவரைத் தோட்டம் வைத்துக்கொள்ளாது. கப்பலேற்றிவிடும். அவர் நாட்டில் எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. நான் பார்த்திராத நாடு அது.

கங்காணி கை வெட்டைத் தொரையிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டுக் காது வெளியே வரும். தோட்டத்தில் அவருக்கு வேறு வழி இருந்தது. எனக்கு மலைச்சரிவில் கடைசி நிறையைக் கொடுத்தார். மழையில் வழுக்கி விழுந்து பால் கொட்டினால் திட்டுவார். குழாயடியில் நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்கள். காப்பு அறுத்தவள் என்றுதான் எனக்குப் பெயர். கதவில் சாணி அடித்திருக்கும். கழுவுவேன். மறுநாளும் அடித்திருக்கும். ஒருநாள் அடித்தவனைப் பிடித்து, அதே சாணியை அவன் வாயில் அப்பினேன். அதோடு நின்றது. எதிர் வீட்டு அக்கா மட்டும் பேசுவார், அதுவும் புருஷன் வீட்டில் இல்லாதபோது.

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து குச்சி ஊன்றிக்கொண்டு வந்தார். என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார். என் கையில் அவர் பல் பட்ட தழும்பைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். விடிந்ததும் முதல் வேலை, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது. பிள்ளை ஓடி விளையாடினால் பின்னாலேயே குச்சியோடு போவார். அது தும்மினால் இவர் முகம் செத்துவிடும். தொரை இரண்டு முறை ஆள் அனுப்பிக் கால் எப்படி என்று கேட்டுவிட்டார். நான் தினமும் வேப்பெண்ணெய் காய்ச்சித் தொடையில் தேய்ப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு காலை மட்டும் நீட்டுவார்.

மழைக்காலம் வந்தது. காய்ச்சல் வந்தது. எல்லா மழைக்கும் வருகிறதுதான், அந்த வருடம் கடுமை. முதலில் கங்காணியின் பேரன் போனான். பிறகு கோடி வீட்டில் ஒரு கைக்குழந்தை. அவர்கள் வீட்டில் எல்லாரும் மூன்றாம் நாள்வரை காப்போடு இருந்து, முறையாக அவிழ்த்து, ஓடையில் விட்டவர்கள். ஆனால் ஊர் என்ன சொன்னது? ஒருத்தி அறுத்ததற்கு ஆத்தாள் எல்லார் வீட்டிலும் எடுக்கிறாள் என்றது. பேரனைப் புதைத்துவிட்டு வந்த கங்காணி எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். நான் வெட்டிய தழும்பு இருந்த கையால்தான் தூற்றினார். அன்றைக்கு மட்டும் நான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு நான்காம் நாள் எங்கள் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். டிரெஸ்ஸர் மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து கொடுத்தார். கசப்பில் துப்பியது, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். ஈரத்துணி போட்டேன். கோயிலுக்கும் போனேன். ஆமாம், போனேன். என்னை உள்ளே விடவில்லை, வெளியே மழையில் விழுந்து கும்பிட்டேன். என்மேல் கோபம் என்றால் என்னை எடு, அது சின்னப் பிள்ளை என்றேன். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் பகல், மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்கு வலிப்பு வந்தது. என் மடியிலேயே அடங்கிவிட்டது. நான்கு வயது. தலை அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

பாயில் கிடத்தினேன். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு மேலாக என்னோடு பேசாதவர், அப்போது பேசினார்.

"ஒரு நாள் பொறுத்திருந்தா போதும்டி. ஒரே நாள். நான் போயிருப்பேன், இவ இருந்திருப்பா."

என் வாய் சும்மா இருக்குமா? பிள்ளை செத்த நேரத்திலும் இருக்கவில்லை. "நீங்களும் போயிருப்பீங்க, இவளும் போயிருப்பா. நான் ரெண்டு குழி வெட்டியிருப்பேன். கங்காணி பேரன் கையில காப்பு இல்லியா? அது எதுக்குப் போச்சு? ஒங்க ஆத்தா..."

முடிக்கவில்லை. அவர் எழுந்தார். குச்சியை எடுக்காமல் எழுந்தார். ஒரே எட்டில் வந்து என் விலாவில் உதைத்தார். நான் உருண்டுபோய் அடுப்புக்கல்லில் மோதினேன். மூச்சு நின்றது. கண் இருட்டியது. மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினார், அப்படியே நின்றார். தரையில் கிடந்த என் கண்ணுக்கு நேரே அந்தத் தொடை இருந்தது, தையல் தழும்போடு. வெட்டுப்பட்ட காலால்தான் உதைத்திருந்தார்.

கால் வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த உதை உதைக்கிற காலை எவனும் கப்பலேற்ற முடியாது என்று நினைத்தேன். செத்த என் பிள்ளைக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்து கிடந்துகொண்டு, நான் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு மூச்சு நேரம்தான். ஆனாலும் பட்டேன். அவர் கடித்ததை மன்னித்திருக்கிறேன், உதைத்ததையும் மன்னித்திருக்கிறேன், கங்காணியைக்கூட ஒரு மாதிரி விட்டுவிட்டேன். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அழுகை அப்போதுதான் வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் பக்கத்தில் குந்தினார்.

"ரொம்ப வலிக்குதா?"

இல்லை என்றேன். பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றேன். அவர் இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு மழையில் குழாயடிக்கு நடந்தார். கொஞ்சம்தான் நொண்டினார்.